தீர்மானமும் பிடி அரிசியும்

 

 

சிவகாசி வட்டாரத்தில் நான் இமாமத் செய்யும் மஹல்லாவின் பொதுக்குழு சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்தாம் வகுப்பை முடிக்காமல் படிப்பை நிறுத்தும் பிள்ளை நம் மஹல்லாவில் ஒன்றுகூட இருக்கலாகாது என்பதே அத்தீர்மானம். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வாசித்து முடித்ததும் தக்பீர் முழங்கியது. அடுத்த ஜும்ஆவில் மிம்பரிலிருந்தும் அதனை அறிவித்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, கணவரை இழந்த ஒரு தாய் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரி ஹஜ்ரத். திங்கக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு யாரு வருவாங்க?" என்று கேட்டார்.

அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு. தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு பட்டாசுக் கடையில் கிஃப்ட் பாக்ஸ் கட்டும் வேலைக்குச் சென்றவன், தீபாவளி முடிந்த பின்னரும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்மா" என்று கூறி அனுப்பினேன். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் அதே தீர்மானம், இரண்டொரு சொற்கள் மட்டும் மாற்றப்பட்டு, மீண்டும் வாசிக்கப்பட்டது. மீண்டும் தக்பீர் முழங்கியது.

தலைமையில் இருப்போர் ஒன்றை விரும்புகின்றனர். மக்களும் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். அதற்குப் பின்னரும் காரியம் ஏன் நடப்பதில்லை? இதனைப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரை நாம் அனைவரும் அறிவோம். பெரும்படை மதீனாவை நோக்கி வருகின்றது. அகழ் தோண்டலாம் என்ற யோசனையைக் கூறியவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபிகள் அதுவரை கையாண்டிராத போர்முறை அது. யோசனை ஏற்கப்பட்டதோடு அவை கலைந்துவிடவில்லை. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று நிலம் அளந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. 'ஊரைக் காப்போம்' என்பது எல்லாருக்கும் பொதுவான கடமை. பொதுவான கடமையை ஒருவர் மற்றவர் மீது சாட்டிவிடலாம். நாற்பது முழம் அவ்வாறானதன்று. அது எந்தப் பத்துப் பேருடையது என்பது ஊருக்கே தெரியும். மாலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதும் கண்ணுக்குத் தெரியும். நபிகளார் (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். அவர்களுடைய திருவயிற்றில் புழுதி படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டு அறிவித்துள்ளனர். ஷாம், பாரசீகம், யமன் ஆகிய நாடுகள் வெற்றிகொள்ளப்படும் என்ற நற்செய்தியை அவர்கள் கூறிய இடமும் மிம்பரன்று. உடையாத பாறையொன்றைத் தம் கையால் பிளந்துகொண்டிருந்த அதே குழிதான்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம்.

விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்து, 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் காமராசர். அவரைப் பற்றி மேடைதோறும் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. வழியில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம், "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று அவர் கேட்டாராம். "போனால் சோறு கிடைக்குமா?" என்று அந்தச் சிறுவன் திருப்பிக் கேட்டானாம். அதிலிருந்து பிறந்தது மதிய உணவுத் திட்டம் என்று கூறி முடிப்பார்கள், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அக்கதை முடிகின்ற இடத்தில்தான் வேலை தொடங்குகின்றது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அந்தச் சிறுவனுக்குச் சோறு போட வேண்டும் என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது? அரிசியை யார் கொடுப்பது, யார் சமைப்பது, பாத்திரம் எங்கிருந்து வருவது, கணக்கை யார் எழுதுவது, தலைமையாசிரியர் விடுப்பில் சென்ற நாளில் அடுப்பு எரியுமா என்பவை பின்னால் வருகின்றன. இவற்றை மேடையில் யாரும் பேசுவதில்லை.

பள்ளியில் சோறு போடுவது காமராசருக்கு முன்னரும் நடந்ததுதான். 1920ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பகலுணவு தொடங்கப்பட்டது. அது 1925இல் நின்றுபோயிற்று. ஆகவே நல்லெண்ணம் புதியதன்று. அதனைச் சென்னை நகரம் தாண்டி, சாலையே இல்லாத ஊர்களின் பள்ளிகள் வரை கொண்டுசென்ற முறையே கவனிக்கத்தக்கது.

அந்த முறையின் வேர், என் கருத்தில், விருதுநகரிலேயே இருக்கின்றது. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர் நாடார் பெருமக்கள் தொடங்கிய இலவசப் பள்ளி. அதனை நடத்தும் செலவுக்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரந்தோறும் அதனைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்குச் செலவிடுவார்கள். சமூகத்துக்குக் கல்வி வேண்டும் என்பது பெரியோர்களின் தொலைநோக்கு. அதனை அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்மணியின் கைப்பிடிக்குள் அடங்கும் அளவாக ஆக்கியதே அவ்வூரின் சாமர்த்தியம். அந்த அரிசியில் நடந்த பள்ளியில் படித்த சிறுவன், தந்தையை இழந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மாமாவின் துணிக்கடையில் நின்றான். அவனே பின்னாளில் மாநிலத்தையே அதே முறையில் நடத்திப் பார்த்தான் என்று நான் எண்ணுகின்றேன். (மத்ரஸாவில் நான் ஓதிய காலத்திலும் எங்கள் சாப்பாட்டுக்குப் பிடி அரிசி வரும். பல வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்து வேகும்போது சில பருக்கை குழைந்திருக்கும், சில விறைத்திருக்கும். அதைக் குறை கூறிய மாணவனை எங்கள் சமையற்காரர் மறுசோறுக்குக் கடைசி ஆளாக நிறுத்திவிடுவார்.)

காமராசர் தம் விருப்பத்தை வெளியிட்டபோது, கல்வித்துறையின் இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. தலைவரின் எண்ணத்தைச் செயலாக்கிய கை என்று இவரையே சொல்ல வேண்டும். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். முதலில் எழுந்த தடை நாம் எதிர்பார்ப்பதுதான்: கருவூலத்தில் பணம் இல்லை. பணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கி வைக்கப்பட்டபோது, அது ஊர்மக்கள் தாமாகக் கொடுத்த பொருளை நம்பியே நடந்தது. தேவையானால் ஊர் ஊராகச் சென்று பிச்சை எடுக்கவும் தயார் என்று முதலமைச்சரே கூறியதாகப் பலரும் எழுதியுள்ளனர். ஊர்கள் பல முன்வந்து, திட்டம் நடக்கக்கூடியதுதான் என்பது கண்ணெதிரே தெரிந்த பின்னர், 1957 நவம்பரிலிருந்து அரசு மானியம் வழங்கத் தொடங்கியது.

அந்த மானியக் கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசு கொடுக்கும். மீதி நான்கு காசு ஊர் கொடுக்க வேண்டும். பத்தையும் அரசே கொடுத்திருந்தால் ஊருக்கு அதில் அக்கறை இருந்திருக்காது. அரிசி குறைந்தாலும் கேட்பாரில்லை. பத்தையும் ஊரே கொடுக்க வேண்டும் என்றிருந்தால், வசதியுள்ள ஊரில் மட்டும் சோறு இருந்திருக்கும். நான்கு காசு என்பதோ சிற்றூரிலும் திரட்டக்கூடிய அளவு. அதனைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. களத்தில் நெல் அளக்கும்போது ஒரு மரக்கால், தோட்டத்துக் கத்தரிக்காய், ஒரு சுமை விறகு என எதுவாகவும் இருக்கலாம். அந்த நான்கு காசைக் கொடுத்தவர், இன்று சோறு போட்டார்களா என்று மதியம் எட்டிப் பார்ப்பார். மேற்பார்வை செய்வதற்கென்று தனி ஊழியர் இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த மேற்பார்வை வேறென்ன?

திட்டத்தில் குறையே இல்லையென்று நான் கூறவரவில்லை. அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு கிடைத்துவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளைத் தெரிவு செய்தே வழங்கினர். அந்தத் தெரிவைச் செய்ய வேண்டிய ஆசிரியர்களின் நிலை சங்கடமானது. ஊரில் வசூல் தளர்ந்தால் உணவும் தளர்ந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும், மக்காச்சோள மாவும், எண்ணெயும் வந்து கை கொடுத்தன. ஊரின் கைப்பிடியை மட்டுமே நம்பி எல்லாக் காலமும் ஓட்டிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

ஆசிரியர்கள் பாடம் நடத்துவதா, சமையலைப் பார்ப்பதா என்ற கேள்வி அன்றே எழுந்தது, நியாயமான கேள்வியே. பெரிய காரியமொன்றைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஏற்கெனவே சுமப்பவர் தலையிலேயே மேலும் ஏற்றிவிடுவது எளிது. நம் ஜமாஅத்துகளிலும் எந்தத் தீர்மானமானாலும் "ஹஜ்ரத் பார்த்துக்கொள்வார்" அல்லது "முஅத்தின் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவிடுகின்றோம் அல்லவா?

மதிய உணவைக் காட்டிலும் நமக்கு அதிகம் கற்றுத் தருவது, மக்கள் பெரிதும் மறந்துவிட்ட பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்தாம். 1958இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடைபெற்றது. தொடர்ந்து மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. மாநாடு என்றால் பேச்சாளர்களும் மாலைகளும் என்று நினைத்துவிட வேண்டாம். மாநாட்டுக்கு முன்னரே ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து, தம் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதினார். கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, பெஞ்சு, ஒழுகும் கூரைக்கு ஓடு, சுற்றுச்சுவர், பிள்ளைகளுக்குச் சீருடை என ஒவ்வொன்றும் தனித்தனியே, விலையோடு எழுதப்பட்டது. பள்ளியை மேம்படுத்துங்கள் என்று கூறினால் ஓர் ஏழை விவசாயி என்ன செய்வார்? கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்தப் பள்ளிக்கு ஒரு தண்ணீர்ப் பானை வேண்டும் என்றால், அதை நான் தருகிறேன் என்று கையை உயர்த்துவார். பெரும் செல்வர் கட்டடத்தை எடுத்துக்கொள்வார். இருவர் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். பல மாநாடுகளுக்குக் காமராசர் நேரில் சென்றார்.

பள்ளி திறப்பதிலும் இதே ஒழுங்கு தென்படுகின்றது. 'எல்லாருக்கும் கல்வி' என்ற சொல், ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று தூரமாக மாற்றப்பட்டது. தூரத்தை ஒரு கல்வி ஆய்வாளர் சைக்கிளில் சென்று அளந்துவிடலாம். காமராசர் யாரேனும் வந்து ஒன்றைக் கேட்டால் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அதனைத் தட்டிக்கழிக்கும் சொல்லாகக் கேலி செய்தவர்களும் உண்டு. நானும் அந்தத் தாயிடம் ஏறக்குறைய அதையேதான் கூறினேன். அவர் கூறிய பின்னர் ஒரு பட்டியல் பிறந்தது, நான் கூறிய பின்னர் ஒன்றும் பிறக்கவில்லை.

நம் சிவகாசியின் தொழிலும் இப்படிப் பிறந்ததுதான். மழையற்ற இந்தக் கரிசல் பூமிக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்றனர். தீப்பெட்டித் தொழிலைப் பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டு அவர்கள் திரும்பவில்லை. அங்கே இருந்து தொழிலைக் கற்று, மறு ஆண்டில் ஊரில் தொடங்கினர். முதலாளியே வேலை தெரிந்தவராக இருந்ததால், வேலையாட்களுக்கு அவர்களால் கற்றுக்கொடுக்க முடிந்தது.

எனினும் அதே தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் தீப்பெட்டி ஆபீசுகளில் கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும், லேபிள் ஒட்டவும் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டனர். விடியுமுன் பஸ் வந்து கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதை நம் பெரியவர்கள் கண்டிருக்கின்றனர். சிலர் அந்த பஸ்ஸில் ஏறியவர்களே. எந்த மாவட்டத்து மைந்தர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்தாரோ, அதே மாவட்டம் குழந்தைத் தொழிலுக்காக நாடு முழுவதும் பெயர் பெற்றது. 1986இல் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்தே தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2016 திருத்தத்தின்படி, ஆபத்தான தொழிலில் 18 வயது நிறையாதவரை அமர்த்துவதே குற்றம். அந்தப் பழைய பஸ்கள் இன்று இல்லை. அதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியவர்களும், வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்த ஆசிரியர்களும் சேர்ந்தே அதைச் செய்தனர். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் அந்த உழைப்புக்குத் துணை நின்றன.

ஆயினும் பதினான்கு, பதினைந்து வயதில், தீபாவளி நெருங்கும் மாதங்களில், நம் மஹல்லாக்களில் இன்னும் பிள்ளைகள் நழுவுகின்றனர். அந்தத் தாயின் மகனைப் போல.

பணியாற்றுவோரின் உள்ளம் சோர்ந்துவிட்டபோது தலைவர் என்ன செய்வது என்பதற்கு ஹுதைபிய்யா நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 6இல் உம்ராவுக்கென்று சென்றவர்கள் மக்காவுக்குள் நுழைய முடியாமல் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. குர்பானி கொடுத்து, தலைமுடி களையுங்கள் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் துயரத்தால் ஒருவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் சென்று இதனைக் கூறியபோது, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் தாங்களே சென்று குர்பானி கொடுத்துத் தங்கள் முடியைக் களையுங்கள் என்று யோசனை கூறினார்கள். அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்து, ஒருவருக்கொருவர் முடி களையத் தொடங்கினர். நான்காம் முறை கட்டளையிடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யோசனை கூறியவர் ஒரு பெண்மணி என்பதையும் நம் நிர்வாகக் குழுக்கள் கவனித்தால் நல்லது.

மூன்றாம் ஆண்டுப் பொதுக்குழுவில் நாங்கள் தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை. அதற்குப் பதிலாகத் தெருக்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினோம். தெருவுக்கு இருவர், ஒருவருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு. மாதத்தின் முதல் வெள்ளி அஸருக்குப் பின்னர் தமக்குரிய வீடுகளுக்குச் சென்று, பிள்ளை எந்த வகுப்பு, நேற்றுப் பள்ளிக்குச் சென்றதா, செல்லவில்லையென்றால் ஏன் என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுத வேண்டும். அறிவுரை கூறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம். (எனக்கே அது கடினமாக இருந்தது.) ரேஷன் கடைக்கு அருகிலுள்ள கடைசிச் சந்து யாருக்கும் வேண்டாததாக இருந்தது, படிகள் அதிகம், சாக்கடை மூடப்படவில்லை. முத்தவல்லி அவர்கள், வயது அறுபதுக்கு மேலானவர், அதனைத் தமக்கென்று எழுதிக்கொண்டார். அதன் பின்னர் மற்றத் தெருக்களுக்கு ஆள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்பது பிள்ளைகள் நின்றுவிட்டிருந்தனர். ஏன் என்ற கேள்விக்கு நாங்கள் எதிர்பார்த்த விடை வறுமை. ஒன்பதில் நான்கு பேருக்கு அது கணக்குப் பாடம். கடைக்குச் சென்ற நாட்களில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க முடியாமல், வகுப்பில் தலைகுனிந்து நிற்க நாணி, அப்படியே நின்றுவிட்டனர். மிம்பரிலிருந்து எத்தனை ஆண்டுகள் பேசியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. மஃரிபுக்குப் பின்னர் மத்ரஸா அறையில் கணக்கு வகுப்பு தொடங்கினோம். கல்லூரியில் படிக்கும் இரு மாணவியர் வாரத்தில் மூன்று நாட்கள் கற்பித்தனர். வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டலோ கஞ்சியோ கொடுப்பதற்காகப் பெண்கள் பிடி அரிசிக் கலயத்தை மீண்டும் எடுத்தனர். கலயம் இப்போது பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது. அளவு அதே கைப்பிடிதான்.

ஒன்பது பேரில் ஆறு பேர் பள்ளிக்குத் திரும்பினர். ஒருவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். இருவரை எங்களால் அழைத்துவர முடியவில்லை. அவர்கள் பெயர் இன்னும் நோட்டில் இருக்கின்றது, மாதந்தோறும் அந்த வீட்டுக்கும் ஆள் செல்கின்றார். அந்தத் தாயின் வீட்டுக்கு முதல் திங்கட்கிழமை காலையில் முத்தவல்லி அவர்களே சென்றார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து முகம் கழுவி, சட்டையைத் தேடி எடுத்துப் போடும் வரை திண்ணையில் அமர்ந்திருந்துவிட்டு, பள்ளி வாசல்வரை அவனோடு நடந்து சென்றாராம். மறுநாளும் சென்றார். மூன்றாம் நாள் பையனே சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் காத்திருந்தான்.